விசைக் கணக்கில் முதலில் வரைய வேண்டியது என்ன?

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடமே இயக்க விதிகள் என்பதால், நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையின்றி ஒப்பிக்கத் தெரியாத மாணவரைக் காண்பது அரிது. ஆனால் அதே மாணவரிடம், கிணற்றிலிருந்து வாளியை இறைப்பது பற்றிய ஒரு கணக்கைக் கொடுத்தால், எந்த எண்ணை எதனோடு பெருக்குவது என்று தேடத் தொடங்கிவிடுகிறார். எந்தப் பொருளுக்கு விதியைப் பொருத்துகிறோம் என்பதை முடிவு செய்யாமலே கணக்கில் இறங்குவதுதான் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் மீது செயல்படும் விசைகளை மட்டும் படமாக வரைந்து, அதன் பிறகே எண்களைத் தொடுவது என்ற பழக்கம் வந்துவிட்டால், பள்ளி அளவிலான விசைக் கணக்குகளில் பெரும்பகுதி எளிதாகிவிடும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளும் முறையே இங்கே விளக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய பொருள்கள் காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் கிடைப்பவைதாம்: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஓர் எவர்சில்வர் தட்டு, தண்ணீர்க் குடம், கிணற்றுக் கப்பி, நேரான ஒரு பலகை.

விசை இல்லாமலும் பொருள் நகரும்

நகர்ந்துகொண்டிருக்கும் பொருளின் மீது, அது நகரும் திசையில் ஒரு விசை இருந்தே தீர வேண்டும் என்று நம் அன்றாட அனுபவம் சொல்கிறது. மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நகர்வதில்லை. மிதிப்பதை நிறுத்தினால் மிதிவண்டி சிறிது தூரத்தில் நின்றுவிடுகிறது. அரிஸ்டாட்டிலின் காலத்துக்குப் பின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களில் பெரும்பாலோர் இவ்வாறே எண்ணி வந்தனர். ஆகவே இந்த எண்ணம் ஒரு மாணவரிடம் இருப்பதில் வியப்பில்லை. எனினும் இதைக் கைவிடாமல் அடுத்த படிக்குச் செல்ல முடியாது.

கைவிடுவதற்கான வழி, தட்டைத் தரையில் சறுக்கவிட்டுப் பார்ப்பது. முதலில் வாசலில் சொரசொரப்பான சிமெண்டுத் தளத்தில் தட்டைத் தள்ளிவிடுங்கள். பின்னர் வளவுக்குள் (வீட்டின் உட்பகுதிக்குள்) வந்து, ஆத்தங்குடிக் கல்லின் மீது ஏறத்தாழ அதே வேகத்தில் தள்ளிவிடுங்கள். இந்தக் கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மீது வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, அழுத்தி, நீரில் ஊறவைத்துச் செய்யப்படுகின்றன. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் தரையின் மேற்பரப்பாக அமைகிறது. கண்ணாடியின் வழவழப்பு அதில் அப்படியே படிந்துவிடுகிறது. பல ஆண்டுகளாகத் துடைத்தும் நடந்தும் பழகிய வீடுகளில் அது மேலும் மெருகேறியிருக்கும். தட்டு இங்கே கூடுதலான தூரம் செல்வதை அளவுநாடா இல்லாமலே காணலாம்.

இப்போது எண்களைக் கொண்டு பார்ப்போம். தட்டு விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகவும், உராய்வு அதன் வேகத்தை விநாடிக்கு 2 மீட்டர் வீதம் குறைப்பதாகவும் கொண்டால், அது 1 மீட்டர் சென்று நிற்கும். உராய்வு பாதியானால் 2 மீட்டர் செல்லும். மேலும் பாதியானால் 4 மீட்டர் செல்லும். இப்படிக் குறைத்துக்கொண்டே போய் உராய்வே இல்லை என்ற நிலைக்கு வந்தால், தட்டு நிற்பதற்குக் காரணம் எதுவும் இராது. சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலியோ இந்த வழியில்தான் சிந்தித்தார்; நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்று விதிகளில் முதலாவது இதையே பொதுவாகக் கூறுகிறது. தட்டு நகர்வதற்கு விசை தேவைப்படவில்லை. தட்டு நின்றதற்குத்தான் ஒரு விசை தேவைப்பட்டது. விசை மாற்றுவது திசைவேகத்தை. திசைவேகம் மாறாத இடத்தில் தொகுபயன் விசை (பொருளின் மீதுள்ள எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிப் பெறுவது) சுழி என்று தயங்காமல் எழுதலாம்.

பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதன் இரு பக்கங்களும் பழக்கமானவை. நிலையில் நிற்கும் தேரை அசைப்பதற்கு வடம் பிடிப்போர் அனைவரும் ஒரே நேரத்தில் முழு வலுவோடு இழுக்க வேண்டியிருக்கிறது. பின்னால் சக்கரத்தடியில் மரத்தைக் கொடுத்து நெம்பவும் வேண்டியிருக்கிறது. ஓய்வுநிலை உராய்வின் பெரும அளவு இயக்கநிலை உராய்வைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதும், அவ்வளவு பெரிய நிறையை ஓய்விலிருந்து முடுக்க வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்கள். நகரத் தொடங்கிய பின், சீரான வேகத்தில் செல்லும் அந்தச் சிறிது நேரத்தில், வடத்தின் இழுவிசையும் தரையும் அச்சும் தரும் தடைவிசையும் ஒன்றுக்கொன்று சமம். இழுவிசை சற்றேனும் அதிகமாக இருந்தால்தான் தேர் நகரும் என்று விடைத்தாளில் எழுதுவோர் உண்டு. அவ்வாறு அதிகமாக இருந்தால் தேர் சீராகச் செல்லாது. வேகம் கூடிக்கொண்டே போகும். முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் கீழே கட்டையைச் செலுத்துவது, எதிர்த்திசையில் ஒரு விசையைக் கூட்டித் தேரின் வேகத்தைக் குறைப்பதற்கும், ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் தடுத்துத் தேரைத் திருப்புவதற்கும் ஆகும்.

ஒரு பொருள், அதன் மீதுள்ள விசைகள்

கணக்கை வாசித்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் வரும் பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதைத் தாளின் நடுவில் ஒரு சிறு கட்டமாக வரைவது. கட்டத்துக்கு வெளியே உள்ள கயிறு, தரை, கை, மாடு ஆகியவற்றை வரைய வேண்டாம்; அவை தரும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாக வரைய வேண்டும். விசைகளைத் தேடுவதற்கு இரண்டே கேள்விகள் போதும். புவி இதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது முதல் கேள்வி. நிறையைக் கிலோகிராமில் எடுத்து 9.8 ஆல் பெருக்கினால் விடை நியூட்டனில் கிடைக்கும். இந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை என்பது இரண்டாவது. தொடும் ஒவ்வொன்றும் தள்ளலாம், இழுக்கலாம், உராயலாம். காந்தமும் மின்னூட்டமும் வராத கணக்குகளில் இந்த இரண்டு கேள்விகளுக்கு அகப்படாத விசை கிடையாது.

வரைந்த ஒவ்வொரு அம்புக்குறியின் அருகிலும், எது எதன் மீது செலுத்தும் விசை என்பதை எழுதிவிடுங்கள். ‘புவி வாளியின் மீது’, ‘கயிறு வாளியின் மீது’ என்று எழுத முடிந்தால் அந்த விசை உண்மையானது. செலுத்துவது எது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த அம்புக்குறியை அழித்துவிட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மதிப்பெண் இழப்பில் பாதி இங்கேதான் நிகழ்கிறது என்பது என் கணிப்பு.

எடுத்துக்காட்டாக, 0.2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பந்தை முற்றத்தில் நின்று விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிவதாகக் கொள்வோம். (ஓட்டுக் கூரையுள்ள வீடுகளில் இதைத் தாளில் செய்து பார்ப்பதே நல்லது.) பந்து மேலே சென்றுகொண்டிருக்கும்போது அதன் மீதுள்ள விசைகளை வரையச் சொன்னால், பலர் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியை வரைந்து, அதற்குக் கை தந்த விசை என்று பெயரிடுகின்றனர். கை இப்போது பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆகவே இரண்டாவது கேள்விக்குக் கை விடையாகாது. காற்றின் தடையைப் புறக்கணித்தால் பந்தின் மீது இருப்பது ஒரே ஒரு விசை: புவியின் இழுப்பு, 1.96 நியூட்டன், கீழ்நோக்கி. கை கொடுத்தது திசைவேகத்தை. அந்தத் திசைவேகத்தைத்தான் புவி ஒவ்வொரு கணமும் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு விநாடியில் பந்து 4.9 மீட்டர் உயரத்தை அடைகிறது. அங்கே அதன் திசைவேகம் சுழி. அந்தக் கணத்திலும் விசை அதே 1.96 நியூட்டன்தான், முடுக்கமும் அதே 9.8தான். உச்சியில் முடுக்கமும் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டும், அப்படி நிற்பதில்லை.

உராய்வின் திசையிலும் ஒரு கவனம் வேண்டும். உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள், தேவகோட்டைக்குப் புறப்படும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும் ஒருவரை நினைத்துப் பார்க்கட்டும். பேருந்து முன்னே செல்ல, அவரும் முன்னே செல்கிறார். அவரை முன்னோக்கி முடுக்கும் விசை எது? அவருடைய கால்களைத் தொடும் தளம் தரும் உராய்வுதான். உராய்வு எதிர்ப்பது இரண்டு பரப்புகள் ஒன்றன் மீது ஒன்று வழுக்குவதை. அவ்வாறு வழுக்காதபடி தடுக்கும் திசை எதுவோ, அதுவே உராய்வின் திசை.

கிணற்று வாளி

இனி ஒரு முழுக் கணக்கு. தண்ணீரோடு சேர்த்து 10 கிலோகிராம் நிறையுள்ள வாளியைக் கப்பி வழியாக இறைக்கிறோம். வாளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். புவி கீழ்நோக்கி 98 நியூட்டன் இழுக்கிறது. தொடுவது கயிறு மட்டுமே, அது மேல்நோக்கி இழுக்கிறது. வாளி சீரான வேகத்தில் ஏறினால் தொகுபயன் விசை சுழி. எனவே கயிற்றின் இழுவிசை 98 நியூட்டன். சீரான வேகத்தில் இறங்கினாலும் அதே 98 நியூட்டன்தான். ஏறுவதற்குக் கூடுதல், இறங்குவதற்குக் குறைவு என்று மனம் சொல்வதை இங்கே படம் திருத்துகிறது.

ஓய்விலிருந்து வாளியைச் சுண்டி இழுத்து, மேல்நோக்கி 0.5 மீட்டர்/விநாடி² முடுக்கம் தந்தால், தொகுபயன் விசை நிறை × முடுக்கம் என்பதன்படி 5 நியூட்டன் மேல்நோக்கி இருக்க வேண்டும். கயிற்றின் இழுவிசையிலிருந்து 98ஐக் கழித்தால் 5 வர வேண்டும் என்பதால், இழுவிசை 103 நியூட்டன். கயிற்றைத் தளர்த்தி, கீழ்நோக்கி 2 மீட்டர்/விநாடி² முடுக்கத்தோடு இறங்கவிட்டால், கழித்துப் பெறும் 20 நியூட்டன் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழுவிசை 78 நியூட்டன். கயிற்றையே விட்டுவிட்டால், கப்பி தடையின்றிச் சுழலுமானால், இழுவிசை சுழி; வாளி 9.8 என்ற முடுக்கத்தோடு விழும். நான்கு நிலைகளுக்கும் படம் ஒன்றே; கயிற்றின் அம்புக்குறியின் நீளம் மட்டுமே மாறுகிறது.

நிலையான ஒற்றைக் கப்பி சுமையைக் குறைக்கிறது என்பது தவறான கருத்து. அச்சின் உராய்வு இல்லை என்று கொண்டால், வாளியை நேராகத் தூக்கினாலும் கப்பி வழியாக இழுத்தாலும் தேவைப்படுவது அதே 98 நியூட்டன். கப்பி மாற்றுவது திசையை மட்டுமே. ஆனாலும் கப்பியில் இறைப்பது எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கீழ்நோக்கி இழுக்கும்போது நம் உடலின் எடையே நமக்கு உதவுகிறது. அதைக் காண, இப்போது இறைப்பவரைத் தேர்ந்துகொள்வோம். அவருடைய நிறை 40 கிலோகிராம் எனில் புவி அவரை 392 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. அவர் பிடித்திருக்கும் கயிறு அவரை 98 நியூட்டன் விசையோடு மேலே இழுக்கிறது. மீதி 294 நியூட்டனைத் தரை தருகிறது. வாளிக்குப் பதிலாக 40 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஒரு சுமை கப்பியில் தொங்கினால், தரை தரும் விசை சுழியாகிவிடும். எவ்வளவு முயன்றாலும் அவர்தான் மேலே போவாரே தவிரச் சுமை ஏறாது.

மூன்றாம் விதி எங்கே சறுக்குகிறது

தரையில் 20 கிலோகிராம் நிறையுள்ள ஒரு தண்ணீர்க் குடம் இருக்கிறது. புவி அதை 196 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது; தரை அதை 196 நியூட்டன் விசையோடு மேலே தள்ளுகிறது. சமமாகவும் எதிராகவும் இருப்பதால் இவ்விரண்டும் விசையும் எதிர்விசையும் என்று எழுதுவதே மிகப் பரவலான தவறு. மூன்றாம் விதி பேசும் இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மீது ஒருபோதும் செயல்படுவதில்லை. ‘புவி குடத்தின் மீது’ என்பதன் இணை, ‘குடம் புவியின் மீது’ என்பதாகும். குடமும் புவியை 196 நியூட்டன் விசையோடு மேல்நோக்கி இழுக்கிறது. ‘தரை குடத்தின் மீது’ என்பதன் இணை, ‘குடம் தரையின் மீது’ என்பதாகும். பெயர்களை இடம் மாற்றினால் இணை கிடைத்துவிடும். நான்கு விசைகளில் குடத்தின் மீது இருப்பவை இரண்டு மட்டுமே. அவை சமமாக இருப்பது குடத்துக்கு முடுக்கம் இல்லாததால், அதாவது முதல் விதியால். அதே குடத்தை 1 மீட்டர்/விநாடி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும் மின்தூக்கியில் வைத்தால், புவி இழுப்பது 196 நியூட்டனாகவே இருக்க, தளம் தள்ளுவது 216 நியூட்டனாகிறது. மூன்றாம் விதியின் இணைகளாக இருந்தால் அவை எந்த நிலையிலும் சமமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது, மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் நம் சாலைகளிலேயே எழக்கூடிய பழைய புதிர். மாடுகள் வண்டியை முன்னே இழுக்கும் அதே அளவுக்கு வண்டியும் மாடுகளைப் பின்னே இழுக்கிறது என்றால், வண்டி நகர்வது எப்படி? இரண்டு விசைகளையும் கூட்டிச் சுழி என்று முடிவு செய்தவர், வெவ்வேறு பொருள்களின் மீதுள்ள விசைகளைக் கூட்டிவிட்டார். கட்டம் வரையும் பழக்கம் இருந்தால் இந்தப் புதிரே எழாது.

ஓட்டுபவரோடு சேர்த்து வண்டியின் நிறை 200 கிலோகிராம், இரண்டு மாடுகளின் நிறை 600 கிலோகிராம், சாலையும் அச்சும் வண்டிக்குத் தரும் தடை 100 நியூட்டன், நுகத்தடி வழியாக மாடுகள் வண்டியை இழுக்கும் விசை 300 நியூட்டன் என்று கொள்வோம். முதலில் வண்டி மட்டும்: முன்னோக்கி 300, பின்னோக்கி 100, தொகுபயன் 200 நியூட்டன், ஆகவே முடுக்கம் 1 மீட்டர்/விநாடி². அடுத்து மாடுகள் மட்டும்: அவற்றுக்கும் அதே முடுக்கம் என்பதால் தொகுபயன் விசை 600 நியூட்டன் முன்னோக்கி இருக்க வேண்டும். வண்டி அவற்றைப் பின்னோக்கி 300 நியூட்டன் இழுக்கிறது. எனவே முன்னோக்கி 900 நியூட்டன் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். மாடுகளைத் தொடுவது நுகத்தடியைத் தவிரச் சாலைதான். குளம்புகள் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகின்றன; சாலை மாடுகளை முன்னோக்கித் தள்ளுகிறது. சாலை வழுக்கினால் எவ்வளவு வலுவான மாடும் வண்டியை முடுக்க முடியாமல் போவதன் காரணம் இதுவே.

விடையைச் சரிபார்க்க, வண்டியையும் மாடுகளையும் சேர்த்து ஒரே பொருளாகக் கட்டமிடுங்கள். மொத்த நிறை 800 கிலோகிராம். நுகத்தடியின் இரு விசைகளும் இப்போது கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அவற்றை வரையத் தேவையில்லை. வெளியிலிருந்து முன்னோக்கி 900, பின்னோக்கி 100, தொகுபயன் 800 நியூட்டன், முடுக்கம் 1. முன்பு கிடைத்த விடையே கிடைக்கிறது. இணைக்கப்பட்ட பொருள்களைக் கொண்ட எந்தக் கணக்கையும் இப்படித் தனித்தனியாகவும் சேர்த்தும் இரு முறை போட்டுப் பார்க்கலாம். தேர்வு அறையிலும் இதற்கு நேரம் இருக்கும்.

அலகுகளும் கணத்தாக்கும்

கடைத் தராசு காட்டுவது கிலோகிராம். விசைப் படத்தில் எழுத வேண்டியது நியூட்டன். மணிக்குக் கிலோமீட்டரில் தரப்பட்ட வேகத்தை 5/18 ஆல் பெருக்கி மீட்டர்/விநாடி ஆக்கிக்கொண்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் வரும் 0.16 கிலோகிராம் நிறையுள்ள கிரிக்கெட் பந்தின் உந்தம் (நிறை × திசைவேகம்) 3.2 கிலோகிராம் மீட்டர்/விநாடி. விறைப்பான கையால் 0.01 விநாடியில் அதை நிறுத்தினால் சராசரி விசை 320 நியூட்டன். கையைப் பின்னிழுத்து 0.1 விநாடியில் நிறுத்தினால் 32 நியூட்டன். உந்த மாற்றம் இரண்டிலும் ஒன்றே; விசையை நேரத்தால் பெருக்கினாலும் கிடைக்கும் இந்த அளவே கணத்தாக்கு.

பலகையைக் கொண்டு உராய்வை அளத்தல்

மேல்வகுப்புக்குச் செல்வோர் உராய்வுக் குணகத்தை, அதாவது பரப்பை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாக வரக்கூடும் என்று காட்டும் எண்ணை, வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, அதன் மீது ஒரு தீப்பெட்டியை வைத்து, மறுமுனையை மெல்ல உயர்த்துங்கள். தீப்பெட்டி வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும், ஊன்றிய முனையிலிருந்து அந்த உயரத்தின் அடி வரை தரையில் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது ஓய்வுநிலை உராய்வுக் குணகம். உயரம் 20 சென்டிமீட்டர், தூரம் 50 சென்டிமீட்டர் எனில் குணகம் 0.4. ஒரே முறை அளந்து நம்பிவிடாமல் சில முறை அளந்து சராசரி காண வேண்டும். பலகையில் ஈரமோ தூசியோ இருந்தால் அளவு வெகுவாக மாறும்.

பின்னர் தீப்பெட்டிக்குள் சில நாணயங்களை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். நிறை கூடியதால் பெட்டி விரைவில் வழுக்கும் என்று சிலரும், அழுத்தம் கூடியதால் வழுக்காது என்று சிலரும் எதிர்பார்ப்பர். ஏறத்தாழ அதே உயரத்தில்தான் வழுக்கும். சரிவின் வழியே கீழே இழுக்கும் விசையும், பலகையை அழுத்தும் விசையும், அந்த அழுத்தத்தால் வரும் பெரும உராய்வும் நிறையோடு ஒரே விகிதத்தில் கூடுவதால், சமன்பாட்டின் இரு பக்கங்களிலும் நிறை நீங்கிவிடுகிறது. வீட்டில் பதித்தது போக மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் இருந்தால், அதைப் பலகையின் மீது அசையாமல் பொருத்தி, தீப்பெட்டிக்குப் பதிலாகக் கிண்ணம், அழிப்பான், மரத்துண்டு என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பொருள் வழுக்கப்போகும் கணத்துக்கான விசைப் படத்தை வரைந்துகொள்ளுங்கள். அதில் மூன்று அம்புக்குறிகள் இருக்கும்: புவி தருவது நேர்கீழாக, பலகை தரும் செங்குத்து விசை பலகைக்குச் செங்கோணத்தில், உராய்வு சரிவின் வழியே மேல்நோக்கி. கீழே வழுக்கச் செய்வதற்கென்று நான்காவதாக ஓர் அம்புக்குறியை வரைந்திருந்தால், அதைச் செலுத்துவது எது என்று கேட்டுப் பார்த்து அழித்துவிடுங்கள். அது புவியின் இழுப்பிலேயே ஒரு கூறாக முன்பே எண்ணப்பட்டுவிட்டது.